வந்ததும் மேலாளரை அனுப்பிய முதலாளி: பிளாக்பர்ன் ரசிகர்களின் கோபம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோழிப்பண்ணைத் தொழிலில் பெயர்பெற்ற புனே நகரத்து வெங்கீஸ் குழுமம், 2010 நவம்பரில் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தை விலைக்கு வாங்கியது. ஒரு மாதம்கூட முடியவில்லை, மேலாளர் சாம் அல்லார்டைஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதன்பின் நடந்ததெல்லாம் இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்கள் இன்றும் பேசும் கதை. இந்திய நிறுவனம் சம்பந்தப்பட்டதால் நம்மவர்களும் அவ்வப்போது அதைப் பற்றிக் கேட்கிறார்கள். வழக்கமாக வரும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மேலாளர் என்பவர் யார்? கிரிக்கெட் அணியின் மேனேஜரைப் போன்றவரா?

இல்லை. கிரிக்கெட் அணியின் மேனேஜர் பயணம், தங்குமிடம், பத்திரிகையாளர் சந்திப்பு ஆகியவற்றைக் கவனிப்பவர். ஆங்கிலக் கால்பந்தில் மேலாளர்தான் அணியைத் தேர்வு செய்கிறார், வியூகம் வகுக்கிறார், ஆட்டத்தின் நடுவே யாரை இறக்குவது, யாரை வெளியே அழைப்பது என்று முடிவெடுக்கிறார். எந்த வீரரை வாங்குவது, யாரை விற்பது என்பதிலும் நெடுங்காலமாக அவர் சொல்லுக்குத்தான் மதிப்பு. கிரிக்கெட்டில் கேப்டன், பயிற்சியாளர், தேர்வுக்குழு என மூன்று இடங்களில் பிரிந்திருக்கும் அதிகாரம் இங்கே ஒருவரிடம் குவிந்திருக்கிறது. அவர் போனால் அவரோடு வந்த துணைப் பயிற்சியாளர்களும் போவார்கள். அவர் ஆசைப்பட்டு வாங்கிய வீரர்கள் அடுத்தவருக்குப் பிடிக்காதவர்களாகி பெஞ்சில் உட்காருவார்கள்.

பிளாக்பர்ன் அப்படி என்ன பெரிய கழகம்?

ஊர் சிறியது. லங்காஷயரின் பழைய பருத்தி ஆலை நகரம். ஆனால் கழகத்தின் வரலாறு ஊரைவிடப் பெரியது. 1875இல் தொடங்கிய கழகம், 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக்கை உருவாக்கிய 12 கழகங்களில் ஒன்று, இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை ஆறு முறை வென்றது.

நம் கதைக்கு முக்கியமானவர் ஜாக் வாக்கர். உள்ளூர்க்காரர், எஃகு வியாபாரத்தில் சம்பாதித்தவர், சிறு வயதிலிருந்தே இந்த அணியின் ரசிகர். 1990களின் தொடக்கத்தில் பணத்தை அள்ளிக் கொட்டினார். கென்னி டால்கிளிஷை மேலாளராக அழைத்து வந்தார், ஆலன் ஷியரரை வாங்கினார், ஈவுட் பார்க் மைதானத்தையே புதிதாகக் கட்டினார். 1995இல் பிளாக்பர்ன் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் பட்டம் வென்றது. அதுவும் எப்படி? கடைசி நாளில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலிடம் தோற்றது. அதே நேரத்தில் வெஸ்ட் ஹாமுடன் மான்செஸ்டர் யுனைடெட் டிரா செய்ததால் பட்டம் இவர்களுக்கு வந்தது. 2000இல் வாக்கர் இறந்தார். அவர் குடும்ப அறக்கட்டளை கழகத்தைப் பத்தாண்டு வைத்திருந்துவிட்டு, சுமார் 2 கோடி 30 லட்சம் பவுண்டுக்கு வெங்கீஸிடம் விற்றது.

ஆகவே பிளாக்பர்ன் ரசிகரின் மனத்தில் ‘முதலாளி’ என்றால் ஒரு முகம் ஏற்கெனவே இருந்தது. புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் அந்த முகத்தோடுதான் ஒப்பிடப்படுவார். இது வெங்கீஸின் தவறு இல்லைதான். ஆனால் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம்.

அல்லார்டைஸை ஏன் நீக்கினார்கள்?

2010 நவம்பர் 27ஆம் தேதி ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 7–1 என்று படுதோல்வி. பெர்படோவ் மட்டும் ஐந்து கோல். டிசம்பர் 12ஆம் தேதி போல்டனிடம் 2–1. மறுநாள் நீக்கம். அப்போது 20 அணிகளில் பிளாக்பர்ன் 13ஆவது இடத்தில் இருந்தது. பெரிய செலவு செய்யாத ஒரு கழகத்துக்கு அது மோசமான இடமே இல்லை. 2008 டிசம்பரில் தத்தளித்துக்கொண்டிருந்த அணியைக் கையிலெடுத்துக் காப்பாற்றி, அடுத்த பருவத்தில் பத்தாவது இடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்.

கண்ணுக்கு அழகான ஆட்டமும் உயர்ந்த இடமும் வேண்டும் என்பதே புதிய முதலாளிகளின் விருப்பமாகச் சொல்லப்பட்டது. அடுத்த மாதமே ரொனால்டினியோ, பெக்காம் என்றெல்லாம் பெயர்கள் அடிபட்டன. யாரும் வரவில்லை.

அல்லார்டைஸின் ஆட்டம் பலருக்குப் பிடிக்காதே. ரசிகர்கள் ஏன் கோபப்பட்டார்கள்?

நியாயமான கேள்வி. நீளமாகப் பந்தைத் தூக்கியடி, கார்னரில் எதிரணிக் கோல்கீப்பரைச் சுற்றி ஆளை நிறுத்து, சிதறி வரும் பந்தைப் பொறுக்கு என்பதுதான் அவர் பாணி. ஈவுட் பார்க்கிலேயே அதை முணுமுணுத்தபடி பார்த்தவர்கள் உண்டு. அவர் போனதும் கண்ணீர் வடித்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அவர்களுக்கு உறுத்தியது வேறு. மேலாளரை மாற்றுகிற முதலாளியிடம் ரசிகர் கேட்பது ஒரே கேள்விதான்: ‘அடுத்து யார், ஏன் அவர்?’ அதற்குத் தெளிவான பதில் இருந்தால் பாதிக் கோபம் அன்றே அடங்கிவிடும். பிளாக்பர்னில் வந்த பதில், முதல் அணியின் பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீன். அதற்கு முன் எந்த அணிக்கும் முழுநேர மேலாளராக இருந்திராதவர். முதலில் தற்காலிகம் என்றார்கள். சில வாரங்களில் அவருக்கே நிரந்தர ஒப்பந்தமும் கொடுத்தார்கள். கழகத்தை வாங்கும்போது வெங்கீஸுக்கு ஆலோசனை சொன்ன ஏஜென்ட் ஜெரோம் ஆண்டர்சனின் வாடிக்கையாளர்களில் கீனும் ஒருவர் என்பது வெளியே தெரிந்ததும், ரசிகர்களின் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தாற்போல் ஆனது.

கழகத்தை ஆண்டுக்கணக்கில் சிக்கனமாக நடத்திவந்த தலைவர் ஜான் வில்லியம்ஸ் 2011 பிப்ரவரியில் விலகினார். கால்பந்து தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, தொலைபேசியை எடுத்தால் புனேயில்தான் மணியடிக்கும் என்ற நிலை வந்தது.

அந்த நேரத்தில் இந்தியர்கள் என்பதால்தான் எதிர்த்தார்களா?

இதை நம்மவர்கள் கொஞ்சம் ஆவேசமாகவே கேட்பார்கள். கேவலமான குரல்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கும். அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் கோபத்தின் வேர் அது என்று சொன்னால் அல்லார்டைஸ் நீக்கத்துக்கு ஒரு வாரம் முன்னால் நியூகாசிலில் நடந்ததை விளக்க முடியாது.

2010 டிசம்பர் 6ஆம் தேதி நியூகாசில் யுனைடெட்டின் ஆங்கிலேய முதலாளி மைக் ஆஷ்லி, மேலாளர் கிறிஸ் ஹியூட்டனை நீக்கினார். ஹியூட்டன் அந்த அணியை இரண்டாம் பிரிவிலிருந்து பிரீமியர் லீக்குக்கு மேலே கொண்டுவந்தவர். ஐந்து வாரங்களுக்கு முன்புதான் பரம வைரியான சண்டர்லாண்டை 5–1 என்று நொறுக்கியிருந்தார். ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே வென்றிருந்தார். அணி நடுவரிசையில் வசதியாக இருந்தது. நியூகாசில் ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கழகங்கள், ஒரே மாதிரி முடிவு, ஒரே மாதிரி கோபம். ஒருவர் புனே, இன்னொருவர் இங்கிலாந்துக்காரர்.

வேறுபாடு அதற்குப் பிறகுதான். ஆஷ்லி கொண்டுவந்த ஆலன் பார்ட்யூ வேறு கழகங்களில் ஆண்டுக்கணக்கில் மேலாளராக இருந்தவர். அவரையும் ரசிகர்கள் விரும்பவில்லை. ஆனால் 2011–12 பருவத்தில் நியூகாசில் ஐந்தாவது இடத்தில் முடித்தது. அதே பருவத்தில் பிளாக்பர்ன் பிரீமியர் லீக்கிலிருந்து இரண்டாம் பிரிவுக்குக் கீழே இறங்கியது.

கோழி மைதானத்துக்குள் வந்த கதை உண்மையா?

உண்மைதான். 2012 மே 7, திங்கட்கிழமை இரவு. ஈவுட் பார்க்கில் விகனுடன் ஆட்டம். தோற்றால் பிரீமியர் லீக்கிலிருந்து வெளியேற்றம். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில், பிளாக்பர்ன் கொடியைப் போர்வையாகப் போர்த்திய ஓர் உயிருள்ள கோழி மைதானத்துக்குள் விடப்பட்டது. வீரர்கள் விரட்ட, அது ஓட, நேரடி ஒளிபரப்பில் உலகமே பார்த்தது. கோழி விற்று வளர்ந்த முதலாளிக்கு ரசிகர்கள் அனுப்பிய செய்திக்கு வேறு சொற்கள் தேவைப்படவில்லை.

87ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை விகனின் அல்கராஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். 1–0. தொடர்ச்சியான பதினோரு ஆண்டு பிரீமியர் லீக் வாசம் அத்துடன் முடிந்தது.

இந்தக் கோழிக் கேலிக்கு அதற்கு முன்பே விதை போட்டவர்கள் முதலாளிகள்தான். அணி வீரர்கள் உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடுவதுபோல ஒரு விளம்பரம் எடுத்தார்கள். 2011 அக்டோபரில், அட்டவணையில் அணி அடிமட்டத்தில் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், புனேக்குப் பறந்து ஒரு நட்பு ஆட்டம் ஆட வைத்தார்கள். இந்திய வாடிக்கையாளருக்கு அது நல்ல விளம்பரமாக இருந்திருக்கலாம். பிளாக்பர்ன்காரருக்கு வயிற்றெரிச்சல்.

பொறுமையில்லாத முதலாளி என்கிறீர்கள். ஆனால் கீனை 21 மாதம் வைத்திருந்தார்களே?

எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். வெங்கீஸைப் ‘பொறுமையில்லாதவர்கள்’ என்று மட்டும் முத்திரை குத்துவது சரியில்லை. 13ஆவது இடத்தில் இருந்தவரிடம் ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. அடிமட்டத்துக்குப் போனவரிடம் ஒரு முழுப் பருவம் பொறுத்தார்கள். அவசரமும் பொறுமையும் இரண்டுமே அவர்களிடம் இருந்தன. இரண்டும் இடம் மாறியிருந்தன.

2010–11 பருவத்தில் கீன் அணியைக் கடைசி நாளில் கரை சேர்த்தார்; வுல்வ்ஸை 3–2 என்று வென்று 15ஆவது இடம். அந்தக் கோடையில் தற்காப்பு வீரர் ஃபில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். அடுத்த பருவத்தின் நடுவே தற்காப்பில் தூணாக நின்ற சாம்பா ரஷ்யாவுக்குப் போனார். 2011 டிசம்பர் 20ஆம் தேதி போல்டனிடம் சொந்த மைதானத்தில் தோற்று அணி கடைசி இடத்துக்கு விழுந்தபோது, ஆட்டம் முழுக்கக் கீனுக்கு எதிரான கோஷம். பதினொரு நாள் கழித்து, மான்செஸ்டர் யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் பெர்கூசனின் 70ஆவது பிறந்தநாளன்று, ஓல்டு டிராஃபோர்டில் யுனைடெட்டை 3–2 என்று வென்றார்கள்! கால்பந்து இப்படித்தான் மனிதர்களை ஏமாற்றும். மேலாளரை வைத்திருக்க ஒரு சாக்கு வேண்டுமென்றால் எப்போதும் ஒன்று கிடைக்கும்.

கழகத்துக்குள்ளேயே எச்சரித்தவரும் உண்டு. துணைத் தலைமை நிர்வாகி பால் ஹன்ட், 2011 டிசம்பரில் முதலாளி அனுராதா தேசாய்க்கு ஒரு கடிதம் எழுதினார்: கீனை மாற்ற வேண்டும், ரசிகர்களின் நம்பிக்கை போய்விட்டது, நிதி நிலைமை சரியில்லை என்று. அந்தக் கடிதம் 2012 மே மாதம் பத்திரிகையில் கசிந்தது. வேலை போனது கீனுக்கு இல்லை, கடிதம் எழுதியவருக்கு.

கீனிடம் ரசிகர்கள் எல்லை மீறவில்லையா?

சில நேரங்களில் மீறினார்கள். வாராவாரம் ஒரு மனிதரை அவர் முகத்துக்கு நேரே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஏசுவது பார்க்கச் சகிக்காத காட்சி. மற்ற அணிகளின் மேலாளர்கள் அவருக்காகப் பேசினார்கள், தொலைக்காட்சி விமர்சகர்கள் ரசிகர்களைக் கடிந்துகொண்டார்கள். ஆனால் கடிந்துகொண்டவர்களில் பலர், கீனை ஏசியவர்கள் அவர் மூலம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்கவில்லை. முதலாளி மைதானத்துக்கு வருவதில்லை. கோட்டோரத்தில் நிற்பவர்தான் கண்ணுக்குத் தெரிகிறார்.

கீன் போனபிறகாவது சரியானதா?

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அங்கிருந்துதான் வேகமெடுக்கிறது. 2012 கோடையில் மலேசியாவின் முன்னாள் வீரரும் தொலைக்காட்சி விமர்சகருமான ஷெபி சிங் ‘உலகளாவிய ஆலோசகர்’ என்ற பதவியில் வந்தார். தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றால் கீன் நீக்கப்படுவார் என்று ரசிகர் கூட்டத்திலேயே பேசினார். செப்டம்பர் 28ஆம் தேதி, அணி இரண்டாம் பிரிவில் மேல்வரிசையில் இருந்தபோதே, கீன் விலகினார்.

அடுத்து ஹென்னிங் பெர்க். 1995 பட்டம் வென்ற அணியின் தற்காப்பு வீரர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. 57 நாள். பத்து ஆட்டங்களில் ஒரு வெற்றி. டிசம்பர் 27இல் நீக்கம். அடுத்து மைக்கேல் ஆப்பிள்டன், 67 நாள். மார்ச்சில் அவரும் போனார். மீதி ஆட்டங்களைக் கேரி போயர் தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். எல்லாம் ஒரே பருவத்துக்குள்.

நீக்கினால் பணம் கொடுக்க வேண்டுமா?

ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் காலத்துக்கு ஈடு கொடுக்கத்தான் வேண்டும். பெர்க்குக்கு மூன்றாண்டு ஒப்பந்தம். பணம் வராததால் அவர் நீதிமன்றம் போனார். கழகம் முதலில் தொகையை ஒப்புக்கொண்டது. பிறகு, அந்த ஒப்பந்தத்தைக் கொடுக்கத் தங்கள் நிர்வாக இயக்குநருக்கு அதிகாரமே இல்லை என்று வாதிட்டது. சொந்த நிர்வாகியின் கையெழுத்தைத் தாங்களே மறுத்தார்கள்! நீதிபதி ஏற்கவில்லை. 2013இல், 57 நாள் வேலை பார்த்தவருக்கு 22 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு கொடுக்கும்படி உத்தரவானது. கழகத்துக்குள் யார் சொல்வது முடிவு என்று யாருக்கும் தெரியவில்லை என ரசிகர்கள் இரண்டு ஆண்டுகளாகப் புலம்பியதற்கு நீதிமன்ற ஏட்டிலேயே சான்று கிடைத்தது.

மேலாளரை மாற்றினால் ஆட்டம் உண்மையிலேயே முன்னேறுமா?

பெரும்பாலும் கண்மாயம். பாஸ் தெர் வீல் என்ற டச்சுப் பொருளியலாளர், நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை ஆராய்ந்தார். சரிவில் இருந்தபோது மேலாளரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிந்தும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மீண்டிருந்தன. ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணி அடுத்த ஐந்தில் கொஞ்சமாவது தேறும். அதற்குள் வந்து உட்கார்ந்தவருக்குப் பெயர் கிடைக்கும்.

அப்படியானால் எந்த நீக்கத்தையும் ரசிகர்கள் ஏற்பதில்லையா?

ரசிகர்களைத் துறவிகளாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று தோல்வி வந்தால் முதலில் ‘அவரைத் தூக்கு’ என்று கத்துவதும் அவர்கள்தான். வாட்ஃபோர்டைப் பாருங்கள். 2012இல் இத்தாலியின் பொஸ்ஸோ குடும்பம் வாங்கியதிலிருந்து அங்கே மேலாளர் நாற்காலியில் சூடு ஆறுவதே இல்லை. 2014–15இல் ஒரே பருவத்தில் நான்காவது மேலாளராக வந்த யோகனோவிச் அணியைப் பிரீமியர் லீக்குக்கே கொண்டுபோனார். ரசிகர்கள் பெரிதாக முணுமுணுக்கவில்லை. காரணம், வீரர்களைத் தேடும் பிரிவும் நிர்வாகமும் அசையாமல் இருந்தன; மேலாளர் மட்டும் மாறினார். அந்த முறையும் பின்னாளில் தேய்ந்து போனது என்பது வேறு கதை.

செல்சியில் 2012 நவம்பரில், சாம்பியன்ஸ் லீக் வென்ற ஆறே மாதத்தில், மேலாளர் டி மத்தேயோவை முதலாளி அப்ரமோவிச் நீக்கினார். அவர் இடத்தில், ரசிகர்கள் வெறுத்த, லிவர்பூலின் முன்னாள் மேலாளரான பெனிடெஸை உட்கார வைத்தார். பருவம் முழுக்கக் கூச்சல். பெனிடெஸ் யூரோப்பா லீக் கோப்பையை வென்று கொடுத்துவிட்டுப் போனார். லெஸ்டரில் 2017 பிப்ரவரியில், பிரீமியர் லீக் பட்டம் வென்று ஒன்பது மாதமான மேலாளர் ரனியேரியை நீக்கினார்கள். நாடே அழுதது, அணி கீழே இறங்காமல் தப்பித்தது. நன்றியுணர்ச்சி ஒரு பக்கம், புள்ளிப்பட்டியல் ஒரு பக்கம். இதில் எது சரி என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. லெஸ்டர் விஷயத்தில் மட்டும் என் மனம் ரனியேரியின் பக்கம்.

ரசிகர்களால் என்னதான் செய்ய முடியும்?

பிளாக்பர்னில் எல்லாவற்றையும் செய்தார்கள். ஊர்வலம், பதாகை, கோஷம், சிறு விமானத்தின் வாலில் வாசகம் கட்டிப் பறக்கவிட்டது. கடைசியில் செய்ததுதான் மிகவும் வலித்தது: வராமல் இருந்தார்கள். 2010–11இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 25,000 பேர் வந்த மைதானத்தில், 2016–17இல் அதில் பாதிதான். தாத்தா, அப்பா, மகன் என்று அடுத்தடுத்து உட்கார்ந்திருந்த இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அந்தப் பருவ முடிவில் அணி மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஒரு கழகம் அவ்வளவு கீழே போனது அதுவே முதல் முறை.

சட்டம் அண்மையில்தான் கொஞ்சம் கைகொடுக்கத் தொடங்கியிருக்கிறது. பிரிட்டனில் 2025இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் ஒரு சுதந்திர ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கியது. முதலாளியின் தகுதியைச் சோதிப்பது, சின்னம், ஜெர்சியின் நிறம் போன்றவற்றை மாற்றுமுன் ரசிகர்களைக் கேட்கவைப்பது எல்லாம் அதில் உண்டு. கார்டிஃபின் மலேசிய முதலாளி வின்சென்ட் டான் 2012இல் நீல ஜெர்சியைச் சிவப்பாக்கிய கூத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மேலாளரை வைப்பதும் நீக்குவதும் மட்டும் இன்றும் முதலாளியின் விருப்பம். ஜெர்மனியில் கழக உறுப்பினர்களிடமே பெரும்பான்மை வாக்கு இருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அங்கேயும் மேலாளர்கள் நீக்கப்படாமல் இல்லை.

வெங்கீஸ் இன்னும் இருக்கிறார்களா? கற்றுக்கொண்டார்களா?

இருக்கிறார்கள். கற்றுக்கொண்டது ஓரளவு. 2017 பிப்ரவரியில் வந்த டோனி மௌப்ரேயைச் சரிவைத் தடுக்க முடியாதபோதும் வைத்துக்கொண்டார்கள். அவர் மறு ஆண்டே அணியை இரண்டாம் பிரிவுக்கு ஏற்றிக் கொண்டுவந்து, 2022 வரை இருந்தார். அந்த ஐந்தாண்டுதான் ரசிகர்கள் கொஞ்சம் மூச்சுவிட்ட காலம். பணத்தில் குறை சொல்ல முடியாது. வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு கொட்டியிருக்கிறார்கள். அதைக் குறிப்பிடாமல் விடுவது நியாயமில்லை.

ஆனால் 2023 முதல், இந்திய அமலாக்கத் துறையின் விசாரணை காரணமாக, கழகத்துக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. 2023 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் வீரர் ஒப்பந்தங்கள் காகித வேலை சரியாக முடியாமல் கடைசி நேரத்தில் கைநழுவின. மேலாளர் ஜான் டால் டோமாசன் 2024 பிப்ரவரியில் விலகினார். அவருக்குப் பின் வந்த ஜான் யூஸ்டஸ் ஓராண்டில், அட்டவணையில் பின்தங்கியிருந்த டெர்பிக்குத் தாமாகவே போய்விட்டார். ஒரு காலத்தில் மேலாளர்களை அவர்கள் துரத்தினார்கள்.

அல்லார்டைஸ் என்ன ஆனார்?

2011இல் வெஸ்ட் ஹாமுக்குப் போனார். அந்தக் கோழி ஈவுட் பார்க்கில் ஓடி, பிளாக்பர்ன் கீழே இறங்கியது 2012 மே 7. மே 19ஆம் தேதி வெம்ப்ளியில் பிளாக்பூலை 2–1 என்று வென்று, வெஸ்ட் ஹாமை அவர் பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார்.